யாரிடமும் ஒட்டாத குழந்தை: பாசப்பிணைப்புச் சிக்கலில் எங்கே தொடங்கி எப்படி உதவுவது

வறுமை, இடப்பெயர்வு, குடும்ப வன்முறை, வளர்ப்பவரின் நோய், காப்பக வாழ்க்கை என ஏதோ ஒரு நெருக்கடிக்குள் வளரும் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளோடு இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வீடு தேடிச் செல்லும் களப்பணியாளர், பாலர் வகுப்பு ஆசிரியர், காப்பகப் பணியாளர், பேரப்பிள்ளையைப் பொறுப்பேற்ற பாட்டி, வளர்ப்புப் பெற்றோர் எல்லோருக்கும் இந்த வரிசை பொருந்தும்.

வரிசைதான் இதில் முக்கியம். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் நல்ல மனதோடு நேராகக் குழந்தையிடம் போகிறார்கள். பொம்மை கொடுக்கிறார்கள், மடியில் வைத்துக்கொள்கிறார்கள். சில வாரங்களில் குழந்தை அவர்களைக் கண்டதும் ஓடிவருகிறது. பிறகு வேலை மாறுகிறது, அவர்கள் போய்விடுகிறார்கள். ஏற்கெனவே ஒருவரை இழந்த குழந்தை இப்போது இன்னொருவரையும் இழக்கிறது.

குழந்தை ஒட்ட வேண்டியது நாளைக்கும் அடுத்த ஆண்டும் அதன் பக்கத்தில் இருக்கப்போகிற ஒருவரிடம். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த ஒருவரைக் கண்டுபிடித்து, அவருக்குக் கைகொடுத்து, அவர் வழியாகக் குழந்தையைச் சென்றடைவதற்கானவை.

தொடங்கும் முன் தேவையானவை

ஒரு நோட்டுப் புத்தகம், காணொளி எடுக்கக்கூடிய ஒரு கைபேசி, அதில் படம்பிடிக்க வளர்ப்பவர் தெளிவாகத் தந்த சம்மதம். இவற்றைவிட முக்கியமாக, சில மாதங்களுக்குத் தவறாமல் வர முடியும் என்ற உறுதி உங்களுக்கு வேண்டும். அந்த உறுதி இல்லையென்றால் பொறுப்பை ஏற்காமல் இருப்பதே குழந்தைக்கு நல்லது.

குழந்தையை இதுவரை வளர்த்தவர்களின் வரலாற்றை மாதவாரியாக எழுதிக்கொள்ளுங்கள். பிறந்ததிலிருந்து யார் தூக்கினார்கள், யார் ஊட்டினார்கள், யார் எப்போது போனார்கள்? பெரும்பாலான குழந்தைகள் 6 முதல் 8 மாதத்துக்குள் குறிப்பிட்ட சிலரைத் தமக்குரியவர்களாகத் தெரிந்துகொள்ளத் தொடங்குகின்றன. அதற்குப் பிந்தைய ஓர் ஆண்டில் நடந்த பிரிவுகள் ஆழமாகப் பாதிக்கக்கூடியவை. தேதிகள் இல்லாமல் 'சின்ன வயதிலேயே அம்மா போய்விட்டார்' என்று மட்டும் எழுதி வைத்தால் பின்னால் எதுவும் புரியாது.

அடி, பட்டினி, பாலியல் துன்புறுத்தல் ஆகியவற்றின் அறிகுறி ஏதேனும் தென்பட்டால் இந்த வழிகாட்டியை மூடி வையுங்கள். உங்கள் பகுதியின் குழந்தைப் பாதுகாப்பு அமைப்புக்கு உடனே தெரிவிப்பதுதான் முதல் வேலை. பயமுறுத்துகிறவரோடு குழந்தையைப் பாசமாக இருக்கப் பழக்குவது உதவி ஆகாது.

1. முதலில் உடலைப் பாருங்கள்

கூப்பிட்டால் திரும்பாத குழந்தைக்குக் காது சரியாகக் கேட்காமல் இருக்கலாம். அடிக்கடி காதில் சீழ் வைத்து, கவனிக்கப்படாமல் போன குழந்தைகளிடம் இது அதிகம். சோர்ந்து, ஒதுங்கி, விளையாட்டில் நாட்டமில்லாமல் இருப்பது இரும்புச்சத்துக் குறைவாலும் வரும். ஊட்டச்சத்துக் குறைவுள்ள குழந்தை அழுவதற்கும் சக்தியில்லாமல் கிடப்பதை 'சமர்த்துக் குழந்தை' என்று பலர் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள்.

எனவே எடை, உயரம், இரத்தப் பரிசோதனை, காது, கண் ஆகியவற்றை முதலில் முடித்துவிடுங்கள். இதைத் தள்ளிப்போட்டால், மருந்திலும் உணவிலும் சரியாகியிருக்க வேண்டிய ஒன்றுக்காகத் தாயைப் பல மாதம் குற்றம் சாட்டிக்கொண்டிருப்போம்.

ஆட்டிசத்தையும் இங்கேயே நினைவில் வையுங்கள். ஆட்டிசம் உள்ள குழந்தையும் தன்னை வளர்ப்பவரிடம் ஒட்டவே செய்கிறது. அதை வெளிப்படுத்தும் விதம்தான் வேறாக இருக்கும். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது, மிகக் குறுகிய ஆர்வங்கள், பேச்சு வளர்ச்சியில் வேறுபாடு ஆகியவை இருந்தால் வளர்ச்சிநிலை மருத்துவரிடம் அனுப்புங்கள்.

2. ஒரு வாரம் பார்த்து மட்டும் எழுதுங்கள்

புதியவர்களுக்கு இதுதான் மிகக் கடினமான படி. எதையும் திருத்தாமல், அறிவுரை சொல்லாமல், கண்ணில் பட்டதை மட்டும் எழுத வேண்டும். முதல் நாளே 'இவனுக்குப் பாசம் தெரியாது' என்று ஒரு முடிவை எழுதிவிட்டால், பிறகு பார்ப்பதெல்லாம் அதற்கே சாட்சியாகத் தெரியும்.

குழந்தை சிரித்து விளையாடும் நேரத்தில் அதிகம் தெரியாது. வலி, பயம், பசி, தூக்கம், புதியவர் வருகை, பிரிவு, திரும்பி வருதல் ஆகிய தருணங்களைப் பாருங்கள். பிணைப்பு என்பது ஆபத்து நேரத்தில் யாரை நோக்கிப் போவது என்று குழந்தைக்குள் உருவாகியிருக்கும் ஏற்பாடு. ஆகவே சிறிய அளவிலாவது துன்பம் வரும்போதுதான் அது வெளியே தெரியும்.

2 வயதுக் குழந்தை ஓடிவந்து வாசற்படியில் தடுக்கி விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முழங்கால் சிராய்த்திருக்கிறது. அடுத்த பத்து நொடியில் நடப்பதை அப்படியே எழுதுங்கள். யாரையாவது தேடிப் பார்த்ததா? அழுததா? யாரிடம் போனது? தூக்கியதும் உடல் தளர்ந்து தோளில் சாய்ந்ததா, விறைத்து முதுகை வளைத்ததா? எத்தனை நேரத்தில் மறுபடி விளையாடப் போனது? தாய் பக்கத்தில் இருந்தும், குழந்தை எழுந்து, காலைத் தானே தடவிக்கொண்டு, சத்தமில்லாமல் போய்விட்டது என்றால் அந்த ஒரு வரி பத்துப் பக்க விவரத்தைவிடப் பயன்படும்.

பொதுவாக நான்கு போக்குகள் தென்படும். துன்பம் வந்தால் வளர்ப்பவரிடம் போய், ஆறுதல் பெற்று, திரும்பி விளையாடப் போவது பாதுகாப்பான பிணைப்பு. துன்பத்தைக் காட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வது விலகும் போக்கு. பிடித்துக்கொண்டே அழுவதும், தூக்கினால் உதைப்பதும், எளிதில் ஆறாமல் இருப்பதும் தவிக்கும் போக்கு. நான்காவது, வளர்ப்பவரை நோக்கிப் பாதி வழி வந்து உறைந்து நிற்பது, பின்புறமாக நடந்து வருவது, நெருங்கும்போது பயந்த முகம் காட்டுவது போன்ற, ஒழுங்கு குலைந்த போக்கு. நான்காவதுதான் அதிகம் கவலைப்பட வேண்டியது. தேடிப் போக வேண்டியவரே பயத்துக்கும் காரணமாக இருக்கும்போது இப்படி ஆகிறது.

இரண்டாவதும் மூன்றாவதும் நோய்கள் அல்ல. தனக்குக் கிடைத்த சூழலில் குழந்தை கண்டுபிடித்த வழிகள் அவை. இந்தப் பெயர்களைக் குழந்தையின் நெற்றியில் ஒட்டாதீர்கள். ஒரே குழந்தை அம்மாவிடம் ஒரு விதமாகவும் பாட்டியிடம் வேறு விதமாகவும் இருக்கலாம். ஆகவே 'யாரோடு' என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

3. அந்த ஒருவர் யார் என்று முடிவு செய்யுங்கள்

வீட்டில் தாய், தந்தை, பாட்டி, அக்கா என்று பலர் இருக்கலாம். காப்பகத்தில் முறை வைத்துப் பணியாளர்கள் மாறலாம். குழந்தையின் அழுகைக்கு முதலில் எழுந்து வரப்போகிறவர் யார் என்பதை எல்லோரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். இன்னும் ஓரிருவர் துணைக்கு இருப்பது நல்லதே. ஆனால் எல்லோரும் பொறுப்பு என்றால் யாரும் பொறுப்பில்லை என்று ஆகிவிடும்.

காப்பகங்களில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு முதன்மைப் பராமரிப்பாளரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தூங்க வைப்பது, தடுப்பூசிக்குக் கூட்டிப்போவது இந்த நான்கும் முடிந்தவரை அவர் கையிலேயே நடக்கட்டும். விளையாட்டை யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். நம்பிக்கை வளர்வது உடல் தேவைகள் நிறைவேறும் நேரத்தில்தான்.

குடும்பத்துக்கு அனுப்ப வாய்ப்பிருந்தால் காலம் கடத்தாதீர்கள். ருமேனியாவின் புகாரெஸ்ட் நகரில் 2000-ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கிய ஆய்வில், காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளில் ஒரு பாதியினர் சீட்டுக் குலுக்கல் போன்ற முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டனர். அப்படிப் போனவர்களிடம் பாதுகாப்பான பிணைப்பு அதிகம் காணப்பட்டது. அதிலும் 2 வயதுக்கு முன் போனவர்கள் நன்றாகத் தேறினார்கள். அதற்குப் பிறகு போனால் பயனில்லை என்பதல்ல, ஒவ்வொரு மாதத் தாமதத்துக்கும் விலை உண்டு என்பதே இதன் பொருள்.

4. வளர்ப்பவரின் சுமையைக் குறையுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பதுதான் நான் பார்த்ததிலேயே அதிகம் நடக்கும் தவறு. இரண்டு வேலைக்குப் போய்விட்டு இரவு வீடு திரும்புகிற பெண்ணிடம் 'பிள்ளையோடு தரமான நேரம் செலவிடுங்கள்' என்று சொல்வதில் உதவி எதுவும் இல்லை, அவமதிப்புத்தான் இருக்கிறது. அவருக்குப் பாசம் குறைவு என்று யாரும் நினைக்க வேண்டாம். வறுமை தின்பது அவருடைய தூக்கத்தையும் பொறுமையையும் நேரத்தையும்.

ஒரே ஒரு நெருக்கடியைப் பெரும்பாலான குடும்பங்கள் தாங்கிக்கொள்கின்றன. நெருக்கடிகள் ஒன்றின் மேல் ஒன்றாகச் சேரும்போது தாங்குவதில்லை. 2010-இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. குறைந்த வருமானம், படிப்பின்மை, இள வயதுத் தாய்மை, துணையின்றி வளர்த்தல், போதைப் பழக்கம் போன்ற ஐந்து நெருக்கடிகள் சேர்ந்த வீடுகளில், ஒழுங்கு குலைந்த பிணைப்பு, கொடுமைக்கு ஆளான குழந்தைகளிடம் இருக்கும் அளவை ஏறக்குறைய எட்டியிருந்தது. யாரும் கை ஓங்காத வீட்டிலும் இது நடக்கலாம்.

ஆகவே அந்த வீட்டின் நெருக்கடிகளைப் பட்டியலிட்டு, அவற்றில் ஒன்றையாவது உங்களால் குறைக்க முடியுமா என்று பாருங்கள். வர வேண்டிய உதவித்தொகைக்கு விண்ணப்பம் எழுதித் தருவது, மூத்த பிள்ளையைப் பகல்நேர மையத்தில் சேர்ப்பது, வாரம் ஓர் இரவு பாட்டியோ அத்தையோ குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்வது, எதுவாகவும் இருக்கலாம். ஐந்து நான்காகக் குறைவதும் குழந்தைக்கு ஆதாயமே.

தாயின் மனச்சோர்வைக் கட்டாயம் கேட்டறியுங்கள். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைக் கண்டறிய 1987 முதல் பயன்பாட்டில் உள்ள எடின்பரோ வினாப்பட்டியலில் 10 கேள்விகள்தான் உள்ளன. கடந்த 7 நாட்களை மட்டும் அது கேட்கிறது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர் சில நிமிடங்களில் கேட்டு முடித்துவிடலாம். தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றிய கேள்விக்கு 'ஆம்' என்று வந்தால் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

குழந்தைக்கு அம்மாவின் முகம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு 1970-களில் நடந்த ஓர் ஆய்வு போதும். சிரித்துப் பேசிக்கொண்டிருந்த தாய், ஆய்வாளர்கள் சொன்னபடி சில நிமிடங்கள் முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல் இருந்தார். சில மாதக் குழந்தை முதலில் சிரித்துக் காட்டியது, கையை நீட்டியது, பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு கலங்கியது. மனச்சோர்வில் இருக்கும் தாயின் வீட்டில் அந்தச் சில நிமிடம் நாள் முழுவதும் நீள்கிறது. அவருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்வதே குழந்தைக்கும் செய்யும் சிகிச்சை.

5. நாளுக்கு ஓர் ஒழுங்கு கொடுங்கள்

அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாமல் வளர்ந்த குழந்தை எப்போதும் உஷாராகவே இருக்கும். உஷாராக இருக்கும் குழந்தையால் ஒருவர் மடியில் தளர்ந்து உட்கார முடியாது. அதனால்தான் ஒழுங்கு முன்னால் வருகிறது, கொஞ்சல் பின்னால் வருகிறது.

கடிகாரம் பார்த்து நடத்தச் சொல்லவில்லை. எழுவது, உண்பது, குளிப்பது, தூங்குவது ஆகியவை ஒரே வரிசையில், முடிந்தால் ஒரே ஆளோடு, ஒரே சொற்களோடு நடக்கட்டும். தூங்கும் முன் அதே பாட்டு, அதே போர்வை. ஒரே அறையில் ஆறு பேர் வாழும் வீட்டிலும் இது முடியும்; செலவும் கிடையாது.

பசியை அனுபவித்த குழந்தை உணவை ஒளித்து வைக்கும், அளவுக்கு மீறிச் சாப்பிடும். திட்டாதீர்கள், பிடுங்காதீர்கள். கைக்கெட்டும் இடத்தில் ஒரு சிறு டப்பாவில் தின்பதற்கு ஏதாவது எப்போதும் இருக்கட்டும். அது காலியாகாது என்று தெரிய வாரங்கள் ஆகும். தெரிந்த பிறகு பதுக்குவது மெதுவாகக் குறையும்.

6. குறிப்பறிந்து பதில் கொடுக்கப் பழக்குங்கள்

இதுதான் வேலையின் மையம். குழந்தை ஒரு குறிப்புக் காட்டுகிறது. வளர்ப்பவர் அதைக் கவனிக்கிறார், சரியாகப் புரிந்துகொள்கிறார், தாமதிக்காமல் பொருத்தமாகப் பதில் தருகிறார். இது நாள்தோறும் நூற்றுக்கணக்கான முறை சிறிய அளவில் நடக்க வேண்டிய ஒன்று.

இதைச் சொற்பொழிவால் கற்றுக்கொடுக்க முடியாது. கைபேசியை எடுத்து, வளர்ப்பவர் குழந்தைக்கு ஊட்டுவதையோ துணி மாற்றுவதையோ 5 நிமிடம் படம்பிடியுங்கள். வீட்டுக்குப் போய்ப் பொறுமையாகப் பார்த்து, நன்றாக நடந்த ஒரு கணத்தைத் தேடுங்கள். கட்டாயம் ஒன்று இருக்கும். குழந்தை தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்க்கிறது, அம்மா அரை நொடி நிமிர்ந்து புருவத்தை உயர்த்துகிறார், குழந்தை சிரிக்கிறது. அவ்வளவுதான்.

அடுத்த முறை அந்த இடத்தில் படத்தை நிறுத்தி அம்மாவிடம் காட்டுங்கள். 'இங்கே அவள் உங்களைப் பார்த்தாள். நீங்கள் நிமிர்ந்தீர்கள். உடனே சிரித்தாள், பாருங்கள். இப்போது அவள் மனதில் என்ன ஓடியிருக்கும்?' என்று கேளுங்கள். தன் பிள்ளைக்குத் தன் முகம் வேண்டும் என்று பல தாய்மார்கள் அந்தத் திரையில்தான் முதன்முதலாகப் பார்க்கிறார்கள். அதற்குப் பிறகு நீங்கள் சொல்ல வேண்டியது மிகக் குறைவு.

தவறிய கணங்களை முதல் சில சந்திப்புகளில் காட்டாதீர்கள். எல்லா அலுவலகங்களிலும் தப்புச் சொல்லியே கேட்டுப் பழகியவர்கள் அவர்கள். நீங்களும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டால் அடுத்த வாரம் கதவு திறக்காது. நம்பிக்கை வந்த பிறகு, தவறிய ஒரு கணத்தையும் சரியாக அமைந்த ஒரு கணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டலாம்.

இந்த வேலைக்கு ஆண்டுக்கணக்கு தேவையில்லை. 2003-இல் வெளியான, 70 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வில், வளர்ப்பவரின் குறிப்பறியும் திறனில் மட்டும் கவனம் வைத்த, 16-க்கும் குறைவான சந்திப்புகளில் முடிந்த திட்டங்களே நன்றாகப் பலன் தந்தன. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்ற நினைத்த நீண்ட திட்டங்கள் அந்த அளவுக்குப் பலன் தரவில்லை.

கைக்குழந்தையாக இருந்தால் உடலோடு சேர்த்துத் தூக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். நியூயார்க்கில் நடந்து 1990-இல் வெளிவந்த ஆய்வொன்றில், வருமானம் குறைந்த தாய்மார்களில் ஒரு பகுதியினருக்கு மார்போடு அணைத்துச் சுமக்கும் துணிப் பையும், மற்றவர்களுக்குக் குழந்தையை உட்கார வைக்கும் பிளாஸ்டிக் இருக்கையும் தரப்பட்டன. 13 மாத வயதில் பார்த்தபோது, துணிப் பையில் சுமக்கப்பட்டவர்களில் 83 சதவீதமும் மற்றவர்களில் 38 சதவீதமும் பாதுகாப்பான பிணைப்பில் இருந்தனர். கையில் வேலை இருக்கும்போதும் குழந்தையின் முனகல் காதில் விழுகிறது, உடல் அசைவு தெரிகிறது. பதிலும் விரைவாக வருகிறது.

7. குழந்தையின் போக்குக்கு ஏற்ப மாற்றுங்கள்

விலகும் குழந்தை 'எனக்கு யாரும் வேண்டாம்' என்று காட்டும். நம்பாதீர்கள். பிரிவின்போது அழாத இத்தகைய குழந்தைகளின் இதயத் துடிப்பை அளந்து பார்த்தபோது, அழுகிற குழந்தைகளுக்கு ஏறியது போலவே அவர்களுக்கும் ஏறியிருந்தது. வெளியே காட்டாமல் இருக்கக் கற்றுக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். எனவே கேட்காவிட்டாலும் ஆறுதல் கொடுக்க வேண்டும். விழுந்தால் பக்கத்தில் போய்க் குனிந்து, 'வலிக்கிறதா? நான் இங்கே இருக்கிறேன்' என்று சொல்லி, கையை அருகில் வைத்துக் காத்திருக்கலாம். இழுத்து அணைக்க வேண்டாம். தள்ளிவிட்டால் அரையடி நகர்ந்து அங்கேயே இருங்கள்.

வளர்ப்புப் பெற்றோர் இங்கேதான் உடைந்துபோகிறார்கள். 'எங்களைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது' என்று அவர்களும் மெல்ல விலகுகிறார்கள். குழந்தை எதிர்பார்த்துப் பயந்ததும் அதையேதான். தள்ளுவது பழைய அனுபவத்துக்குச் சொல்லும் பதில் என்று அவர்களிடம் திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்லுங்கள்.

தவிக்கும் குழந்தைக்கு வேண்டியது நிதானம். வளர்ப்பவர் ஒரு நாள் மடியிலேயே வைத்திருந்து மறுநாள் எரிந்து விழுந்தால் அழுகை கூடும். சிறியதாக இருந்தாலும் தினமும் ஒரே மாதிரியான பதில் வேண்டும். குழந்தை அமைதியாக விளையாடும்போதும் இடையிடையே ஒரு பார்வை, ஒரு சொல் கொடுக்கச் சொல்லுங்கள். அழுதால்தான் கவனிப்பார்கள் என்ற கணக்கு அப்போதுதான் மாறும்.

உறைந்து நிற்கும் குழந்தைக்கு முதலில் பயத்தை எடுக்க வேண்டும். உரத்த குரல், திடீரெனப் பின்னாலிருந்து தூக்குவது, முகத்துக்கு நேரே விரலை நீட்டுவது, அழும் வரை கிச்சுகிச்சு மூட்டுவது, 'விட்டுவிட்டுப் போய்விடுவேன்' என்று மிரட்டுவது எல்லாம் நிற்க வேண்டும். தன் சிறுவயதில் அடிபட்டவர்கள், தாம் செய்வது பயமுறுத்துகிறது என்பதையே அறியாமல் இருப்பார்கள். காணொளி இங்கேயும் உதவும்.

யாரைக் கண்டாலும் மடியில் ஏறிக்கொள்ளும் குழந்தையைப் பார்த்துப் பலர் மகிழ்கிறார்கள். அறிமுகமே இல்லாதவரோடு திரும்பிப் பார்க்காமல் நடந்துபோகிற குழந்தை ஆபத்தில் இருக்கிறது. வருகையாளர்கள் தூக்குவதையும் தின்பண்டம் கொடுப்பதையும் நிறுத்துங்கள். அவர்களிடம் போனால், அன்பாகக் கைபிடித்து முதன்மைப் பராமரிப்பாளரிடம் அழைத்துச் சென்று விடச் சொல்லுங்கள். நல்ல வீடு கிடைத்த பிறகும் இந்தப் பழக்கம் நெடுநாள் நீடிப்பதுண்டு. வளர்ப்பவர் அதைத் தன் தோல்வியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

8. உரசலுக்குப் பின் சமாதானம்

நல்ல நிலையில் இருக்கும் தாயும் குழந்தையும்கூடப் பெரும்பாலான நேரம் ஒருவர் குறிப்பை ஒருவர் தவறவிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நேருக்கு நேர் விளையாடும் நேரத்தில் ஏறத்தாழ 30 சதவீதம்தான் இருவரும் ஒத்திசைந்திருந்ததாக முகபாவ ஆய்வுகள் காட்டின. தவறவிட்டதும் சரிசெய்துகொள்கிறார்களா என்பதே நம்பிக்கையை வளர்க்கிறது. இதைச் சொன்னதும் பல தாய்மார்களின் தோள் இறங்குவதைப் பார்க்கலாம்.

கத்திவிட்டால், தான் நிதானத்துக்கு வந்ததும் குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து, 'அம்மா கத்திவிட்டேன், நீ பயந்துவிட்டாய். இப்போது கோபம் இல்லை' என்று சொல்லச் சொல்லுங்கள். பேச்சு வராத குழந்தைக்கும் சொல்ல வேண்டும். குரலும் முகமும் புரியும்.

தவறு செய்த குழந்தையைத் தனி அறையில் உட்கார வைக்கும் தண்டனை இந்தக் குழந்தைகளுக்கு ஒத்துவராது. கைவிடப்பட்டதையே அது மறுபடி அனுபவிக்கும். பக்கத்தில் உட்கார வைத்து, 'அடிக்கக் கூடாது. நீ அமைதியாகும் வரை நானும் இங்கேயே இருக்கிறேன்' என்று சொன்னால் கண்டிப்பும் இருக்கும், உறவும் அறுபடாது.

9. பிரிவுகளைத் திட்டமிடுங்கள்

வேலைக்குப் போகிறவர், குழந்தை பார்க்காத நேரத்தில் நழுவிப் போவது எல்லா வீடுகளிலும் நடக்கிறது. அப்போதைக்கு அழுகை மிச்சம். ஆனால் இனி எந்த நேரமும் ஆள் மறைந்துபோகலாம் என்று குழந்தை கற்றுக்கொண்டு, நாள் முழுவதும் காலைச் சுற்றியே நிற்கும். சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். 'போய்விட்டு, நீ தூங்கி எழுந்ததும் வருவேன்' என்று குழந்தைக்குத் தெரிந்த நிகழ்வோடு சேர்த்துச் சொல்லுங்கள். சொன்னபடி வந்துவிடுங்கள்.

வீடு மாறும்போது பழைய போர்வையையும் துணியையும் துவைக்காமல் கொடுத்தனுப்புங்கள். பழகிய வாசனை புது இடத்தில் கொஞ்சம் துணையிருக்கும். பழைய வளர்ப்பவரும் புதியவரும் சில முறையாவது குழந்தையின் முன் சேர்ந்து இருக்கட்டும். இரவோடு இரவாக மாற்றுவது, கட்டாயமான பாதுகாப்புக் காரணம் இருந்தாலொழிய, கூடவே கூடாது.

10. தொடவே கூடாத முறைகள்

குழந்தையை அசையவிடாமல் இறுக்கிப் பிடித்து, அழுது ஓயும் வரை விடாமல், கண்ணைப் பார்க்க வற்புறுத்தும் 'அணைப்புச் சிகிச்சை' என்று ஒன்று உண்டு. போர்வைக்குள் சுற்றி 'மறுபிறப்பு' என்று செய்வதும் அதைச் சேர்ந்ததே. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 10 வயதுச் சிறுமி இப்படி ஓர் அமர்வில் மூச்சுத் திணறி இறந்துபோனாள். அடுத்த ஆண்டே அங்கே அந்த முறை சட்டத்தால் தடை செய்யப்பட்டது. யார் எவ்வளவு நம்பிக்கையாகப் பரிந்துரைத்தாலும் மறுத்துவிடுங்கள். கட்டாயப்படுத்தி வாங்குவது பயத்தால் வரும் பணிவு மட்டுமே.

பிணைப்புச் சிக்கலுக்கு என்று மாத்திரையும் கிடையாது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இதற்கு மருந்து தர வேண்டாம் என்றே சொல்கிறது. கூடவே வேறு நோய் இருந்தால் அதற்கான மருந்து வேறு விஷயம்.

11. நிபுணரிடம் எப்போது அனுப்புவது

உறைந்து நிற்பது தொடர்ந்தால், தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டால், எடை ஏறாமல் போனால், கற்ற பேச்சையோ நடையையோ இழந்தால் காத்திருக்காமல் குழந்தை மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள்.

'எதிர்வினைப் பிணைப்புக் கோளாறு' (துன்பத்திலும் வளர்ப்பவரிடம் ஆறுதல் தேடாத நிலை) என்ற நோய்ப்பெயரை நீங்களாக எழுதாதீர்கள். மருத்துவர் அந்தப் பெயரைத் தருவதற்கே குழந்தையின் வளர்ச்சி வயது குறைந்தது 9 மாதம் ஆகியிருக்க வேண்டும், அறிகுறிகள் 5 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும், கவனிப்பு மிக மோசமாகத் தவறியதற்கான வரலாறு இருக்க வேண்டும், ஆட்டிசம் இல்லை என்று உறுதியாக வேண்டும். மிகக் கடுமையான புறக்கணிப்புக்கு ஆளான குழந்தைகளிலும் 10 சதவீதத்துக்கும் குறைவானவர்களிடமே இது காணப்படுகிறது. கோப்பில் ஒரு முறை ஏறிய பெயர் பள்ளி வரை தொடரும். தத்தெடுக்க வருகிறவர்களும் அதைப் படித்துத் தயங்குவார்கள்.

12. முன்னேற்றத்தை அளப்பதும் உங்கள் விலகலும்

இரண்டாவது படியில் எழுதிய அதே தருணங்களை மாதம் ஒரு முறை மறுபடி பாருங்கள். விழுந்ததும் தேடிப் பார்க்கிறதா? தூக்கினால் உடல் தளர்கிறதா? அழுகை முன்பைவிடச் சீக்கிரம் அடங்குகிறதா? புது இடத்தில் நாலடி போய்த் திரும்பிப் பார்த்துவிட்டு மேலே போகிறதா?

இடையில் நிலை மோசமாவது போலத் தோன்றும் ஒரு காலம் வரலாம். அழாத குழந்தை அழத் தொடங்கும், தனியே தூங்கியது தூங்க மறுக்கும், வளர்ப்பவர் எழுந்தாலே பின்னால் ஓடும். பழகாதவர்கள் இதைப் பார்த்துத் திட்டத்தையே கைவிடுகிறார்கள். அந்தக் குழந்தை ஒருவரைத் தனக்கு வேண்டியவர் என்று முடிவு செய்துவிட்டது, அதனால்தான் அவரை இழக்கப் பயப்படுகிறது. வளர்ப்பவருக்கு இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இரவில் மூன்றாம் முறை எழுந்து போகும்போது அவருக்கு அது தேவைப்படும்.

உங்கள் வருகையை ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். வாரம் ஒன்று, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒன்று, பிறகு மாதம் ஒன்று என்று குறையுங்கள். கடைசிச் சந்திப்பு எந்த நாள் என்று தாய்க்கும் குழந்தைக்கும் முன்பே தெரிய வேண்டும். அன்று குழந்தையின் கோப்பில் மூன்று விஷயங்களை எழுதி வளர்ப்பவரிடமே கொடுங்கள்: குழந்தை துன்பத்தில் இருக்கும்போது காட்டும் குறிப்புகள் எவை, அதை ஆற்றுவது எது, நெருக்கடி வந்தால் அவர் யாரைக் கூப்பிட வேண்டும். அடுத்து வரும் பணியாளரும் பாலர் வகுப்பு ஆசிரியரும் அந்தத் தாளிலிருந்து தொடங்கலாம்.